தனி ஜாகைக்கு ஒரு மனு

1

டில்லி
1913 பிப்ரவரி 20

தகப்பனாருக்கு ராஜாராமன் நமஸ்காரம் செய்து எழுதுவது. நான் சௌக்கியம். மூக்கு மாத்திரம் இவ்வூர்க் குளிருக்கு இன்னும் இணங்கவில்லை. தங்கள் கண்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பாகீரதி ஒளிக்காமல் எழுத வேண்டும்.

சர்க்கார் எங்களைக் கல்கத்தாவிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து நான்கு மாதமாகிறது. இன்னும் கூடாரந்தான். ஒரு கூடாரத்துக்கு நான்கு குமாஸ்தாக்கள். என் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பாலசுப்ரமணியன் தூக்கத்தில் பைல் நம்பர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். காலையில் ஆபீஸில் அவற்றைத் தேடினால் கிடைப்பதில்லை.

குமாஸ்தாக்களுக்காகச் செங்கல் வீடுகள் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். குடும்பத்தோடு வசிக்கிறவர்களுக்கு மட்டும் தனி ஜாகை. ஒண்டியாயிருப்பவர்களுக்குப் பொது விடுதி. வேண்டியவர்கள் மார்ச் மாதத்துக்குள் இங்கிலீஷில் மனுக் கொடுக்க வேண்டும். நான் எழுதிப் பார்த்தேன். ‘செப்பரேட்டட் குவார்ட்டர்ஸ்’ என்று போட்டுவிட்டேன். நானும் பாகீரதியும் விவாகரத்துக் கேட்பதுபோல் இருக்கிறதென்று பாலசுப்ரமணியன் சிரித்தான். ஆகையால் தாங்களே ஒரு டிராப்ட் சொல்லி, பாகீரதியை எழுதச் சொல்லி அனுப்ப வேண்டும். ஜாகை கிடைத்தால் தங்களையும் பாகீரதியையும் இங்கே அழைத்துக்கொள்ள ஆசை.

வங்காளிகள் அதிகம் இல்லாத ஊரில் மீன் வாசனை இல்லாததுகூட வெறிச்சென்றிருக்கிறது.

தங்கள் விதேயனான குமாரன்
ராஜாராமன்

2

பவானிப்பூர், கல்கத்தா
1913 மார்ச் 5

சிரஞ்சீவி ராஜாராமனுக்கு ஆசீர்வாதம். எழுதுவிப்பவன் உன் தகப்பன் பட்டாபிராமன், எழுதுகிறவள் பாகீரதி. இருவருக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை. என் கண்களைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. பாலில் மூழ்கினாற்போல் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவே.

முப்பது வருஷம் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் ஹெட்கிளார்க்காக இருந்தவன் பிள்ளை ஓர் அடைமொழியை வைக்கத் தெரியாமல் திண்டாடினான் என்பது வெளியே தெரிய வேண்டாம். ஹவுராவில் இறங்கிய மதராஸிகளில் பாதிப் பேர் என் டிராப்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உத்தியோகத்துக்குப் போனார்கள். சொல்லுகிறேன், கேள். அடைமொழி என்பது வாசல்கேட்டில் காவல் நிற்கிற தர்வான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும், ஒருவன் போதும். தனியான, பிரத்தியேகமான, இன்னொருவருக்கும் பாத்தியதையில்லாத என்று மூன்று தர்வான்களை நிறுத்தினால், உள்ளே ஏதோ திருட்டுச் சரக்கு இருக்கிறதென்று துரை நினைப்பான். ‘செப்பரேட்டட்’ என்றால் யாரோ பிரித்துவிட்டார்கள் என்று ஆகும். உன்னை யாரும் பிரிக்கவில்லை. ‘செப்பரேட் குவார்ட்டர்ஸ்’ என்று எழுது.

எழுத்துக் கூட்டலிலும் ஜாக்கிரதை. எஸ், ஈ, பி, ஈ, ஆர், ஏ, டி, ஈ. மூன்று ஈ என்று ஞாபகம் வைத்துக்கொள். பாகீரதிக்கு இங்கிலீஷ் எழுத்துகளின் உருவம் மட்டும் தெரியுமாகையால் டிராப்ட் முழுவதையும் ஓரோர் எழுத்தாகச் சொல்லி வருகிறேன். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் சிரத்தையாக வைக்கிறாள். அதைத் தனித்தாளில் இத்துடன் வைத்திருக்கிறது.

நான் டில்லிக்கு வருவதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். இந்த வீட்டில் மாடிக்குப் பதினான்கு படி. ஏழாவது படி கொஞ்சம் உயரம். குழாயடிக்கு எட்டு அடி வைக்க வேண்டும். இன்னொரு வீட்டுச் சுவர்களைத் தடவிப் படிக்க எனக்கு வயதில்லை.

மழைக்கு முன் கம்பளியை வெயிலில் போட்டுவை.

உன் தகப்பன்

(இதே தாளின் ஓரத்தில், பொடி எழுத்தில்:)

நமஸ்காரம். ஈ இரண்டுதான், பி-க்கு அப்புறம் ஏ. டிராப்டில் சரியாகவே எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படியே பார்த்து எழுதுங்கள். மாமா முப்பது வருஷம் வேறு மாதிரி எழுதி, அதனால் கம்பெனிக்கு ஒரு குறையும் வராமல் ரிடயர் ஆனவர். அவரை இப்போது திருத்துவானேன்? கல்யாணப் பேச்சில் இங்கிலீஷ் படித்த பெண் வேண்டாம் என்று சொன்னவர் என்பதும் உங்களுக்கு மறந்திராது. என் தகப்பனார் எனக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தார் என்பது உங்களோடு இருக்கட்டும். பதிலில் இதைப் பற்றி மூச்சுவிட வேண்டாம். உங்கள் கடிதத்தை உரக்க வாசிக்கிறவள் நானல்லவா?

பா.

3

டில்லி
1913 மார்ச் 29

தகப்பனாருக்கு நமஸ்காரம். இங்கே உஷ்ணம் தொடங்கிவிட்டது. அதனால் மூக்குக்குச் சொஸ்தமாயிற்று. அங்கே இருவர் உடம்பும் எப்படி?

தங்கள் டிராப்டை அப்படியே நகல் எடுத்து மனுவைக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் மாதம் வீடுகள் தயாராகிவிடும் என்று சொல்லுகிறார்கள். தாங்கள் வருவதற்கில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பாகீரதியையாவது செப்டம்பரில் அனுப்பிவைக்க வேண்டும். தங்களுக்குச் சமையலுக்கும் துணைக்கும் என்ன ஏற்பாடு செய்யலாம் என்று யோசித்து எழுதுங்கள். தாங்கள் சம்மதித்தாலொழிய நான் ஒன்றும் செய்யமாட்டேன்.

தங்கள் குமாரன்
ராஜாராமன்

—————

இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது பாகீரதிக்கு மட்டும். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் வங்காளி. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மனுக்களைப் படிக்கிறவர். என்னைக் கூப்பிட்டார். ஏதோ பிசகு என்று நடுங்கிக்கொண்டு போனேன். “இருபத்தாறு பேர் ‘செப்பரேட்’ ஜாகை கேட்டிருக்கிறார்கள். அதைச் சரியாக எழுதியவன் நீ ஒருவன்தான். எந்தக் காலேஜில் படித்தாய்?” என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். செப்டம்பருக்கு இன்னும் நூற்றைம்பத்தாறு நாள் இருக்கிறது. எண்ணியவன் பாலசுப்ரமணியன் அல்ல.

4

பவானிப்பூர்
1913 ஏப்ரல் 22

சிரஞ்சீவி ராஜாராமனுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் எப்போதும்போல் இருக்கிறோம். வெயிலில் ஆபீஸுக்கு நடந்து போகாதே.

உன் கடிதம் வந்தது. கையில் வாங்கியபோது கனமாயிருந்தது. வாசிக்கக் கேட்டபோது இலேசாகிவிட்டது. டில்லித் தபாலில் ஈரம் ஏறுகிறதா என்று விசாரித்து எழுது.

கீழ்வீட்டு வங்காளி அம்மாள் மாஷிமாவின் பிள்ளை ஹரிபதபாபு சென்ற வாரம் என்னைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனான். பாகீரதியும் வருகிறேன் என்றாள். ஜட்கா வண்டியில் மூன்று பேர் நெருக்கம் என்று நிறுத்திவிட்டேன். கண்ணில் திரை விழுந்திருக்கிறது. அது முற்றினால்தான் சஸ்திரம் போட்டு எடுப்பார்களாம். மாங்காய் மாதிரி. இன்னும் முற்றவில்லை. முற்றுகிறபோது முற்றட்டும். எனக்கு அவசரமில்லை.

பாகீரதியின் பிரயாண விஷயம் நாள் பார்த்து அப்புறம் எழுதுகிறேன்.

மோரை விடாதே.

உன் தகப்பன்

5

டில்லி
1913 ஜூலை 8

தகப்பனாருக்கு நமஸ்காரம். க்ஷேமம் விசாரித்து எழுதிய இரண்டு கார்டுகளுக்கும் பதில் இல்லை. மழையில் தபால் தாமதமோ, உடம்பு சரியில்லையோ என்று கவலையாயிருக்கிறது.

ஜாகை சாங்ஷன் ஆகிவிட்டது. நாற்பத்தேழாம் நம்பர். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், வீட்டுக்குள்ளேயே குழாய். நேற்றுப் போய்ப் பார்த்தேன். கதவுக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை. விதி ஒன்று போட்டிருக்கிறார்கள். டிசம்பர் முதல் தேதிக்குள் குடும்பத்தோடு குடிபுகாவிட்டால் வீட்டை அடுத்த மனுதாரருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் எத்தனை வருஷமாகுமோ தெரியாது.

நம்முடைய லக்ஷ்மிநாராயணன் செப்டம்பர் பதினைந்தாம் தேதி குடும்பத்தோடு கல்கத்தாவிலிருந்து இங்கே வருகிறார். பாகீரதியை அவர்களோடு அனுப்பினால் துணைக்குக் கவலையில்லை. அவருக்கும் எழுதியிருக்கிறேன். தங்கள் உத்தரவு வேண்டும்.

தங்கள் குமாரன்
ராஜாராமன்

—————

உனக்கு: குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வருகிறது. வேறு என்ன எழுதுவது?

6

பவானிப்பூர்
1913 ஆகஸ்டு 4

சிரஞ்சீவி ராஜாராமனுக்கு ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம்.

ஆடியில் பெண்ணை அனுப்புவதில்லை. ஆவணியில் நல்ல நாள் அகப்படவில்லை. புரட்டாசியில் மஹாளயம். ஆகையால் லக்ஷ்மிநாராயணன் குடும்பத்தோடு அனுப்புவதற்கில்லை. பூஜை விடுமுறைக்கு அப்புறம் பார்க்கலாம்.

உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளவும்.

உன் தகப்பன்

7

டில்லி
1913 செப்டம்பர் 12

தகப்பனாருக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம்; எழுதிவிட்டேன்.

மார்ச்சில் கேட்டேன். ஜூலையில் கேட்டேன். பஞ்சாங்கம் பதில் எழுதியிருக்கிறது. தங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சாதாரணமாகத் தாங்கள் எழுதுவிக்கும் கடிதத்தில் என்னைத் திட்டவாவது திட்டியிருப்பீர்கள். ஆகஸ்டுக் கடிதத்தில் அதுவும் இல்லை. என்மேல் கோபமென்றால் சொல்லுங்கள். பாகீரதி இல்லாவிட்டால் பேப்பர் வாசிக்க ஆளில்லை என்பது காரணமென்றால் அதையும் சொல்லுங்கள். பேப்பர் வாசிக்க ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்த என்னால் முடியும். பெண்டாட்டியை அமர்த்த முடியாது.

பிள்ளை தகப்பனாருக்கு எழுதத் தகாத வாக்கியம் இது. எழுதி இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்து, பிறகுதான் உறையில் போடுகிறேன். பாகீரதி இதை ஓர் எழுத்து விடாமல் வாசிக்க வேண்டும்.

ராஜாராமன்

8

பவானிப்பூர்
1913 செப்டம்பர் 22

உங்கள் பாதங்களில் பாகீரதி நமஸ்காரம் செய்து, முதல்முறையாகத் தன் பெயரில் எழுதிக்கொள்வது. மாமா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்பதை இக்கடிதத்தை முடித்த பிறகு தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, நானே ஒரு பக்கம் கட்டிச் சொன்னேன். டில்லியில் கத்தரிக்காய் நயமாகக் கிடைக்கிறதென்றும், முள்ளில்லாத ஜாதி என்றும் நீங்கள் எழுதியிருப்பதாக வாசித்தேன். மாமா வெகு சிரத்தையாகக் கேட்டார். “விதை கிடைக்குமான்னு கேட்டு எழுது” என்றார்.

மார்ச்சுக் கடிதத்தில் ‘செப்டம்பர்’ என்று இருந்ததை நான்தான் ‘அடுத்த சித்திரை’ என்று வாசித்தேன். ஜூலைக் கடிதத்தில் வீட்டுக்குக் கூரைகூடப் போடவில்லை என்று வாசித்தேன். நாள் பார்த்து எழுதுகிறேன் என்ற வரியும், ஆடி, ஆவணி, மஹாளயம் முழுவதும் என் கைச்சரக்கு. இரண்டு கார்டுகளையும் வாசிக்காமல் அரிசி டப்பாவில் போட்டேன். மாமாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய விலாசம் அவருடையது அல்ல. ஒருவருடைய வாயாகவும் இன்னொருவருடைய காதாகவும் இருக்கும்படி நம்பி விட்டார்கள். நான் இரண்டையும் கெடுத்தேன். இதற்கு அழகான பெயர் ஒன்றும் இல்லை, தேடவும் வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள். மாமா தினமும் காலையில் தமிழ்ப் பேப்பரை வாசிக்கச் சொல்லி, பத்திராதிபரோடு உரக்கச் சண்டை போடுகிறார். பத்திராதிபருக்காக நான் பதில் சொல்ல வேண்டும். நான் தோற்றால் காபி. அவர் தோற்றால் பேச்சில்லை. முந்தாநாள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து, “ஏண்டிம்மா, எண்ணெய் காஞ்சு எத்தனை நாழியாச்சு? கடுகு வெடிக்கக் காணோமே? மனசு எங்கே போச்சு?” என்றார். டில்லிக்கு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். “கடுகு பழசு, மாமா” என்றேன்.

இப்படிக் கேட்கிறவரை, ஏழாவது படியில் கால் தட்டினால் பிடிக்க ஆளில்லாமல், யாரிடம் விட்டுவிட்டு வண்டியேறுவது? சம்பளத்துக்கு வருகிறவன் பத்திராதிபருக்காகச் சண்டை போடுவானா? கண் முற்றி, சஸ்திரமாகி, பார்வை வந்துவிட்டால் நான் அடுத்த வண்டியில் வந்துவிடுவேன். அது முற்றமாட்டேன் என்கிறது.

எனக்கு வர ஆசையில்லை என்று மட்டும் எண்ண வேண்டாம். கோட்டுக்குக் கீழே இருந்தவற்றை எத்தனை தரம் படித்தேன் என்பதைத் தபாலில் எழுதுவதாயில்லை.

என்ன தண்டனையோ எழுதுங்கள். எழுதுகிறபோது உறைமேல் என் பெயர் வேண்டாம். மாமா உறையைத் தபால்காரரிடம் விலாசம் கேட்டுத்தான் வாங்குகிறார்.

பாகீரதி

9

பவானிப்பூர்
1913 அக்டோபர் 13

ராஜாராமா, இது என் சொந்தக் கை. ஆசீர்வாதம். ரூல்தடியைக் காகிதத்தின்மேல் படுக்கவைத்து, அதன் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு எழுதுகிறேன். கீழே இறங்க வேண்டிய கொம்புகள் எல்லாம் தடியில் முட்டி நின்றுவிடும். நொண்டி எழுத்துகளைப் பொறுத்துக்கொண்டு வாசி. வரிமேல் வரி ஏறியிருந்தால் அதற்கும் நான் உத்தரவாதியல்ல. பாகீரதி மாஷிமாவோடு கங்கைக்கரைக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் முடிக்க வேண்டும்.

போன மாதம் பத்தாம் தேதி லக்ஷ்மிநாராயணன் விடைபெற்றுக்கொள்ள வந்தான். அவள் குழாயடியில் இருந்தாள். “பாகீரதி ஏன் புறப்படல்லே? நாற்பத்தேழாம் நம்பர் வீட்டை டிசம்பர்லே பிடுங்கிண்டுடுவாளாமே?” என்றான். எனக்குத் தெரிந்ததுபோல் தலையாட்டினேன். கண் தெரியாதவன் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அது ஒரு சௌகரியம்.

அப்புறந்தான் உன் கடிதத்தின் கனம் எனக்கு அர்த்தமாயிற்று. மூன்று தாள் கடிதத்தை அவள் அரைத்தாள் நேரத்தில் வாசித்தாள். நீ கத்தரிக்காயைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற பிள்ளை அல்ல. உனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. நான் விதை கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் செய்தது ஒரு பங்கு. நான் செய்தது இரண்டு பங்கு. கண் சித்திரையிலேயே முற்றிவிட்டது. டாக்டர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார். ஹரிபதனை வாயைத் திறக்கக் கூடாதென்று காளிகட்டத்துக் காளிமேல் ஆணை வாங்கிக்கொண்டேன். சஸ்திரத்துக்குப் பயம் என்று எண்ணாதே, அது கொஞ்சந்தான். பார்வையுள்ள கிழவனுக்கு மருமகள் துணை எதற்கு? நன்றாகப் பார்க்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து யார் பேப்பர் வாசிப்பார்கள்? கண் வந்த மறுநாள் அவள் வண்டியேறிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அது நியாயமும்கூட. நியாயத்தை ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அவளுக்காக அவள் தள்ளவில்லை. எனக்காக நான் தள்ளினேன். அதுதான் வித்தியாசம்.

நவம்பர் எட்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஹரிபதன் ஏற்பாடு செய்துவிட்டான். இக்கடிதத்தையும் அவன்தான் தபாலில் சேர்ப்பான். டிசம்பர் முதல் தேதி நாற்பத்தேழாம் நம்பரில் அவள் அடுப்பு மூட்ட வேண்டும். நீ லீவு கேட்டு வந்து அழைத்துக்கொண்டு போ. சஸ்திரம் பலிக்காவிட்டாலும் அழைத்துக்கொண்டு போ. இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தரம் வாசி.

வாசலில் மாஷிமாவின் குர

10

டில்லி
1913 அக்டோபர் 27

தகப்பனாருக்கு நமஸ்காரம். பாகீரதிக்கு ஆசீர்வாதம். இக்கடிதத்தில் கோடு போடவில்லை. பாகீரதி எல்லாவற்றையும் உரக்க வாசிக்கலாம், வாசிக்க வேண்டும். இருவர் கடிதமும் எனக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் இருந்ததை நான் இருவருக்கும் சொல்லப்போவதில்லை. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் நான் எழுதிய கடிதத்துக்காக இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா, அதைத் தாங்கள் இன்னும் கேட்கவில்லை என்று அறிந்தபோது எனக்குண்டான நிம்மதி இருக்கிறதே, அதற்காகப் பாகீரதியின் குற்றங்களில் பாதியைத் தள்ளிவிட்டேன்.

ஆஸ்பத்திரி நாளுக்கு வரக் கேட்டேன், லீவு கொடுக்கவில்லை. நவம்பர் இருபத்தாறாம் தேதி ஹவுராவில் இறங்குவேன். இருபத்தெட்டாம் தேதி திரும்ப வேண்டும்.

எனக்குக் கத்தரிக்காய் இப்போதும் பிடிக்காது.

ராஜாராமன்

11

பவானிப்பூர்
1913 நவம்பர் 21

உங்கள் பாதங்களில் பாகீரதி நமஸ்காரம். மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். சௌக்கியம். முதலில் அதை எழுதிவிட்டேன். இனி நிதானமாக வாசிக்கலாம்.

சஸ்திரம் கால் மணி நேரந்தான் என்றார்கள். பிறகு பத்து நாள் இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாதபடி இருபுறமும் மணல்மூட்டை வைத்துவிட்டார்கள். தும்மக் கூடாது, இருமக் கூடாது, பேசவும் கூடாது. பேசக் கூடாது என்பதுதான் மாமாவுக்கு வியாதியாயிருந்தது. மூன்றாம் நாள் மெள்ள, “அந்தக் கடுதாசியெல்லாம் வெச்சிருக்கியோ?” என்றார். “எதெல்லாம், மாமா?” என்றேன். “வாசிக்காத பாகமெல்லாம்” என்றார்.

கொண்டுபோனேன். அரிசி டப்பாவிலிருந்த கார்டுகளையும் கொண்டுபோனேன். பக்கத்துக் கட்டில் வங்காளிக் கிழவர் ஏதோ புராணம் நடக்கிறதென்று கைகூப்பிக்கொண்டார். முதலிலிருந்து ஆரம்பித்து, நான் எழுதிய ஓரக்குறிப்பு உட்பட எனக்கு ஞாபகமிருந்த எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீஷ் விஷயம் வந்தபோது மாமா கையைத் தூக்கினார்.

“நிறுத்து. இரண்டு ஈ-யா?”

“ஆமாம், மாமா.”

“நடுவிலே ஏ-யா?”

“ஆமாம்.”

“மெள்ளச் சொல்லு.” நான் ஓரோர் எழுத்தாகச் சொன்னேன். விரலால் படுக்கைமேல் எழுதிக்கொண்டே வந்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எழுதிப் பார்த்தார். நான் செய்தது அகம்பாவமென்று நினைக்கிறாரோ என்று பயந்தேன். கடைசியில், “முப்பது வருஷம். ஒரு துரைக்காவது தெரிஞ்சுதோ? அவன்களும் என்னைப் பார்த்துத்தான் எழுதியிருப்பான்கள்” என்றார். பிறகு, “இங்கிலீஷ் படிச்ச பொண்ணு வேண்டாம்னு எவன் சொன்னான்?” என்று கேட்டார். “தாங்கள்தான்” என்றேன். “அசடு” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை.

உங்கள் செப்டம்பர்க் கடிதத்தையும், நீங்கள் கேட்டிருந்தபடி, ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். பெண்டாட்டியை அமர்த்த முடியாது என்ற வரி வந்ததும் மாமா, “நன்னா எழுதியிருக்கான். அதிலே ஒரு அடைமொழிகூட இல்லை, பாத்தியா?” என்றார். கட்டுத்துணிக்குள் கண்ணீர் போகக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இருவருமே ஜாக்கிரதையாக இருந்தோம்.

மார்ச்சுக் கடிதத்தின் அடிப்பாகத்துக்கு வந்தபோது, “இருபத்தாறு பேர்” வரையில் கேட்டுச் சிரித்துவிட்டு, அதற்குமேல் நான் வாய் திறப்பதற்குள், “போரும். மிச்சம் எனக்கு எழுதினதில்லே. அடுத்த தாளுக்குப் போ” என்றார்.

அப்புறந்தான் தாம் சித்திரையிலிருந்து சொன்ன பொய்யைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நான் ஆறு மாதமாகப் பாபம் செய்கிறேன் என்று நடுங்கிக்கொண்டிருக்க, இவர் மாங்காய்க் கதை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே! சொல்லிவிட்டேன். “இரண்டு பேரும் சமம்” என்றார். சமமில்லை, என்னிடம் நம்பிக் கொடுத்திருந்தது. அதை மாமா ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

முந்தாநாள் கட்டை அவிழ்த்தார்கள். கண்ணாடி ஆறு வாரம் கழித்துத்தான் கிடைக்கும். அதுவரை கலங்கலாகத் தெரியுமாம். பரீட்சைக்காக டாக்டர் ஒரு தடித்த கண்ணாடி வில்லையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, “யார் தெரிகிறது?” என்று கேட்டார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோதே மாமாவுக்கு உருவங்கள் நிழலாகிவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷமாகக் குரலைத்தான் கேட்டிருக்கிறார்.

பார்த்தார். ஹரிபதபாபுவின் பக்கம் திரும்பி, “இவளா?” என்றார். மறுபடி என்னைப் பார்த்தார். “ஏண்டி, நீ இத்தனூண்டுப் பொண்ணா? நாற்பது வயசுக்காரி ஒருத்தி அதட்டறான்னு நினைச்சுண்டு பயந்துண்டு இருந்தேனே!” என்றார். மாமா என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார். ஹரிபதபாபு வங்காளியில் சொன்னார். வார்டு முழுவதும் சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியில் வரும்போது, “பத்தொன்பது வயசுன்னு தெரியும். தெரியறதுன்னா என்னன்னு தெரியலே” என்றார்.

இனி ஏற்பாடுகள். மாஷிமா ஒரு வேளை சாதமும், அதில் மீன் படாதென்று சத்தியமும் கொடுத்திருக்கிறாள். இன்னொரு வேளை மாமா தாமே சமைப்பதாகச் சொல்லுகிறார். மாஷிமா அதைத் தடுப்பதாகச் சொல்லுகிறாள். பேப்பர் ஆறு வாரம் நிற்கும். பத்திராதிபருக்கு ஓய்வு. பிறகு தைக்கு அப்புறம் டில்லிச் சுவர்களைக் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போக வருவாராம். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், “உன் பெட்டி எது?” என்றார். காட்டினேன். பாதி பார்த்தும் பாதி தடவியும் பூட்டைக் கண்டுபிடித்தார். “துருப்பிடிச்சிருக்கு. டில்லி வரைக்கும் போக வேண்டாமோ? எண்ணெய் கொண்டா” என்றார். நான் போடுகிறேன் என்றால் விடவில்லை. நான் அடுத்த அறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் விட்டாயிற்று. இன்னும் பூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

பாகீரதி